கை ஓங்காத வீடு

செய்தி வந்தபோது என் குளியலறையில் மூன்று குழந்தைகள் இருந்தார்கள். ஒன்று என் மகன் நிகில். மற்ற இரண்டும் கீழ் வீட்டுச் சங்கிலி அண்ணாச்சியின் பிள்ளைகள். ஒன்பது நாட்களாக நான்தான் அவர்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். சோப்புக் கையோடு போனை எடுத்தேன். திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணாச்சியின் மனைவி லீலா அக்கா பேசினாள். "வித்யா" என்று என் பெயரைச் சொன்னாள். பிறகு, "அவிய போயிட்டாவ" என்றாள்.

போனை வாஷிங் மெஷின் மேல் வைத்தேன். கதிரின் தலை முழுவதும் ஷாம்பு நுரை. இரண்டரை வயதுப் பிள்ளை, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஊத்து அத்தே, ஊத்து" என்று கத்திக்கொண்டிருந்தான். நுரை கண்ணில் இறங்குவதற்குள் அலச வேண்டும். முதலில் அதைச் செய்தேன். மூன்று பேருக்கும் தலை துவட்டி, சட்டை மாட்டி, தட்டில் இட்லியைப் பிட்டு வைத்த பிறகுதான் அடுப்படித் தரையில் போய் உட்கார்ந்தேன். மகிழினி பின்னாலேயே வந்தாள். அவளுக்கு ஐந்து வயது.

"போன்ல யாரு அத்தே, அப்பாவா?"

"அம்மா" என்றேன். அது பொய் இல்லை.

இதை நம் தெருக்காரர்களுக்காக எழுதுகிறேன். பதினாறாம் நாள் அவர் படத்துக்கு மாலை போட்டபோது பேசிய எல்லாரும் அவர் திருந்திய மனிதர், சாது, கடவுள் மாதிரி என்று சொன்னீர்கள். நான் அன்று வாய் திறக்கவில்லை. அவர் சாது இல்லை. அவருக்குக் கோபம் வந்ததை நான் அநேகமாகத் தினமும் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதியதாகிவிடும்.

அவர் குடிவந்த நாள் உங்களுக்கும் நினைவிருக்கும். ஒரு லோடு ஆட்டோவில் கட்டில், கேஸ் சிலிண்டர், பிளாஸ்டிக் குடங்கள், அவற்றுக்கு நடுவே மூட்டை மேல் தூங்கிக்கொண்டிருந்த மூன்று வயது மகிழினி. அவர் இடுப்பில் பத்து மாதக் கதிர். லீலா அக்கா அதற்கு முந்தின மாதம்தான் நர்ஸ் வேலைக்கு மஸ்கட் போயிருந்தாள். வீட்டில் மனைவி இருந்து புருஷன் வளைகுடா போவது தென்காசியில் யாருக்கும் புதிதில்லை. இது தலைகீழாக இருந்தது. இரண்டே நாளில் மற்ற விவரமும் வந்து சேர்ந்துவிட்டது. ராயகிரிக்காரர். சுரண்டை மார்க்கெட்டில் காய்கறி லாரிக்கு லோடு ஏற்றியவர். ஒரு கோயில் கொடை விழாவில் நடந்த தகராறில் ஒருவனைத் தோளில் வெட்டிவிட்டு இரண்டு வருஷம் உள்ளே இருந்தவர். வீட்டுக்காரம்மா மாடிக்கு வந்து, "கதவப் பூட்டியே வச்சுக்கிடு, கீழ ரவுடி வந்திருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பூட்டித்தான் வைத்தேன். என் கணவர் ஓசூரில் வேலையில் இருக்கிறார். மாதம் ஒருமுறை வருவார். நானும் இரண்டரை வயது நிகிலும் மட்டும்.

ஒரு வாரம் கழித்து மாடிப் படியிலிருந்து அவரைச் சரியாகப் பார்த்தேன். முற்றத்தில் குப்புறப் படுத்திருந்தார். வலது கையை நீட்டியிருந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தையல் போட்ட பழைய வெட்டுத் தழும்பு. மகிழினி அதன் மேல் ஒரு பொம்மை பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தாள். தையல் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு ஸ்டாப். "சுரண்டை எறங்குறவங்கல்லாம் எறங்குங்க" என்று அவர் குரல் கொடுத்தார். அவள் பஸ்ஸை நிறுத்தினாள். அன்றைக்கும் நான் கதவைப் பூட்டிக்கொண்டேன். ஆனால் சிரித்துக்கொண்டே பூட்டினேன்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் இது நகராது.

நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கணக்கு வகுப்பு எடுக்கிறேன். ஒரு பக்கம் திரையில் எங்கேயோ இருக்கிற பிள்ளைகள். மறுபக்கம் என் பிள்ளை. நிகில் சாப்பிட மாட்டான். ஒரு வாய் வாங்கி அரை மணி நேரம் கன்னத்தில் அடக்கிக்கொண்டு திரிவான். அன்று காலை பருப்புச் சோற்றை இரண்டாவது தடவையாகக் கீபோர்டு மேல் துப்பினான். திரையில் எட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேமராவை அணைத்தேன். அவன் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போனேன். கையில் கிடைத்தது எவர்சில்வர் கரண்டி. முதல் அடி தொடையில். அவன் அலறினான். அந்த அலறல் எனக்கு இன்னும் வெறியைக் கொடுத்தது. இரண்டு, மூன்று, நான்கு. கரண்டிக் காம்பு வளைந்துவிட்டது. வளைந்ததை நிமிர்த்தி மறுபடி அடித்தேன். அன்று என் கை நடுங்கவில்லை. உறுதியாக இருந்தது. அதுதான் எனக்கு இன்றும் பயம்.

கதவு தட்டப்பட்டது. சங்கிலி அண்ணாச்சி நின்றிருந்தார், தோளில் கதிர். வளைந்த கரண்டியைப் பார்த்தார். என் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்த நிகிலைப் பார்த்தார். எனக்கு அறிவுரை சொல்லப்போகிறார் என்று பல்லைக் கடித்தேன்.

"தங்கச்சி, பயல எங்கிட்டத் தாங்க. பத்து நிமிசம்" என்றார். "நீங்க கெட்டவ இல்ல. களைச்சுப் போயிருக்கிய. களைச்ச கை அடிக்கும். எனக்குத் தெரியும்."

நிகில் முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் ஓடினான். அது என்னை அறைந்த மாதிரி இருந்தது. அவர்கள் கீழே போனதும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பத்து நிமிஷம் இரண்டு மணி நேரமானது. கீழே போனபோது நிகில் அவர் மடியில் உட்கார்ந்து ரசச் சோறு தின்றுகொண்டிருந்தான். தொடை கோடு கோடாகச் சிவந்து தடித்திருந்தது. அவர் அதன் மேல் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டிருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே கதவு திறந்தே இருந்தது. காலையில் என் வகுப்பு முடியும்வரை மூன்று பிள்ளைகளும் கீழே. மதியம் அவர் கடைக்கும் ரேஷனுக்கும் போகும்போது மூன்றும் மேலே. சோறு ஊட்டுவதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. மூவரையும் ரயில்வே கேட் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஒரு கையில் சட்டி. வண்டி வரும்போது ஒரு பெட்டிக்கு ஒரு வாய். பாசஞ்சர் வந்தால் அரை வயிறு. கொல்லம் பக்கம் போகும் நீளமான எக்ஸ்பிரஸ் வந்தால் அவருக்குக் கொண்டாட்டம். "ஏலே வாயத் தொற, ஏசி பொட்டி வருது, ஏசி பொட்டி!" என்று அவர் கத்த, மூன்று வாயும் ஒரே நேரத்தில் திறக்கும். கேட் கீப்பர் சிரித்துச் சிரித்துப் பச்சைக் கொடியைக் காட்ட மறந்துவிடுவார் என்று எனக்குப் பயமாக இருக்கும்.

அவருக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே தெரியும். பின்கட்டில் ஒரு துவைகல் கிடந்தது. பிள்ளைகளை என்னிடமோ பக்கத்து வீட்டிலோ விட்டுவிட்டு, "நாலு துணி துவைச்சிட்டு வாரேன்" என்று போவார். போர்வையைச் சுருட்டிக் கல்லில் ஓங்கி ஓங்கி அடிப்பார். கழுத்து நரம்பு புடைத்திருக்கும். அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் பல்லிடுக்கில் ஒரு கெட்ட வார்த்தை. பாதி நாள் துவைத்துக் காய்ந்த போர்வையையே மறுபடி நனைத்து அடிப்பார். "இன்னிக்கு எத்தனை போர்வை அண்ணாச்சி?" என்று நீங்கள் கேலி செய்வீர்கள். அவரும் சிரிப்பார். நான் ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தக் கையில் ஒரு குழந்தை அகப்பட்டால் என்னவாகும் என்று நினைத்தேன். அவருக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் அங்கே நின்றார்.

ஒருமுறை அடித்திருக்கிறார். அவரே சொன்னார். லீலா அக்கா போன முதல் மாதம். கதிர் மூன்று நாள் காய்ச்சல், தூக்கம் இல்லை. மகிழினி பால் தூக்குவாளியைத் தட்டிவிட்டாள். "சொன்னா கேக்க மாட்ட?" என்று கன்னத்தில் ஒன்று வைத்தார். பிள்ளை சுருண்டு கட்டில் காலில் போய் விழுந்தது. அழவில்லை. எழுந்து பாயில் கிடந்த தம்பியிடம் போனது.

"போயி என்ன செஞ்சா தெரியுமா தங்கச்சி? 'சொன்னா கேக்க மாட்ட?'ன்னு சொல்லி, காய்ச்சல்ல கெடந்த பச்சப் புள்ளயோட கன்னத்துல ஒண்ணு வச்சா. அதே எடம். அதே வார்த்த. என் கொரலே அவ வாயில வருது."

சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "எங்கய்யா என்னைய வேப்பமரத்துல தலகீழா கெட்டிவச்சு பெல்ட்டால அடிப்பாரு. ரத்தம் மூக்கு வழியா நெத்திக்கு வரும். தலகீழா இருந்தா அப்படித்தான வரும்? நான் மார்க்கெட்டுல ஒருத்தன் பல்ல ஒடைச்சேன். கொடையில ஒருத்தன் தோள வெட்டுனேன். அவன் இன்னும் அந்தக் கையத் தூக்க முடியாம திரியுதான். எல்லாம் எங்கய்யா அடிச்ச அடிதான். அவரு செத்துப் பதினஞ்சு வருசமாச்சு, அடி இன்னும் நடந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. எம் பொண்ணு தம்பிய அடிச்ச அன்னிக்குத்தான் அது எனக்குத் தெரிஞ்சுது. இதுக்கு மேல போவக் கூடாதுன்னு முடிவு பண்ணேன்."

நான் கேட்டேன், "கோவமே வராதா அதுக்கப்புறம்?"

"வராம? ஒரு நாளைக்குப் பத்து தடவ வருது. கோவம் வந்தா வரட்டும். கை மட்டும் வரக் கூடாது."

போன வருஷச் சாரல் சீசனில் எல்லாரும் குற்றாலம் போனோம். ஐந்தருவியில் தண்ணீர் அளவாக விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கம் மகிழினியைக் குளிக்க வைத்துத் துவட்டி, கரையில் நின்றிருந்தேன். கதிர் என் தோளில் தூங்கிவிட்டான். அண்ணாச்சி நிகிலை ஆண்கள் பக்கம் கூட்டிக்கொண்டு போயிருந்தார். நிகில் இரண்டு தடவை ஓடி வந்துவிட்டான். மூன்றாவது தடவை அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அருவிக்குள் போய், வெளியே வந்து, "நான் பயப்படல, நான் பயப்படல" என்று பல் தந்தியடிக்கக் கத்தினான். அவன் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

அவர்களுக்குப் பக்கத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் தன் மகனை இழுத்துக்கொண்டிருந்தார். நான்கு வயதிருக்கும். பையன் பாறையில் உட்கார்ந்து வர மறுத்தான். "இம்புட்டு தூரம் வந்துட்டு அழுதியாலே" என்று ஒரு அறை. பையன் கத்தினான். இன்னொரு அறை. மூன்றாவது அறைக்குத் தூக்கிய கையின் மணிக்கட்டை அண்ணாச்சி பிடித்தார். நிகிலைப் பாறை மேல் பத்திரமாக உட்கார வைத்துவிட்டுத்தான் பிடித்தார்.

"சார், பயந்திருக்கான். நாளைக்கு அவனா வருவான்."

"என் புள்ள, நான் அடிப்பேன். நீ யாருல?"

"நான் யாருமில்ல. கையக் கீழ எறக்குங்க."

அந்த ஆள் மறுகையை மடக்கி மூக்கில் குத்தினார். சத்தம் எனக்குக் கேட்டது. அண்ணாச்சியின் தலை பின்னால் போய் வந்தது. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி நெஞ்சு வழியாக இறங்கியது. அருவித் தண்ணீர் அதை அப்போதே கழுவிக்கொண்டு போனது. இரண்டாவது குத்து வாயில். அவர் பிடித்த மணிக்கட்டை விடவில்லை. திருப்பி அடிக்கவும் இல்லை. அவர் தோள்கள் இறுகி, இடது கை முஷ்டியாவதை நான் கரையிலிருந்தே பார்த்தேன். அந்த முஷ்டி திறந்தது. மறுபடி மூடியது. மறுபடி திறந்தது. அதற்குள் போலீஸ்காரர் விசில் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது கீழ் உதடு தடித்துத் தொங்கியது. மகிழினி அவர் மடியில் உட்கார்ந்து கேட்டாள்: "அவரு அடிச்சாருல்லா, நீ ஏன் அடிக்கல? ஒனக்கு அடிக்கத் தெரியாதா?"

அவர் சொன்னார்: "நான் அடிச்சா அவரு எங்கிட்டத் திருப்பி அடிக்க முடியாது பாத்துக்க. ரூமுக்குப் போயி அந்தப் பயலத்தான் அடிப்பாரு. நான் குடுக்குற அடி பூரா அவன் முதுகுல போயி விழும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. தன் அப்பா ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

அண்ணாச்சியை அடித்தவன் பெயரை எழுத மாட்டேன். வழக்கு நடக்கிறது, உங்களுக்கும் தெரியும். அவன் மகளின் பெயரையும் எழுதவில்லை. அவளுக்கு ஆறு வயது, அவள் இதையெல்லாம் தாண்டி வளர வேண்டும். தெருக் கடைசி வீடு. அந்த வீட்டுச் சத்தம் நமக்கு வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது. சத்தம் வந்தால் நாம் டிவியைக் கூட்டி வைத்தோம். நானும் வைத்திருக்கிறேன்.

மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். அண்ணாச்சி வாசல் படியில் உட்கார்ந்து கதிருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நகம் வெட்டுவதென்றால் அந்த வீட்டில் பெரிய வேலை. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பெயர் வைத்து, அந்த ஆளோடு பேச்சுக் கொடுத்து, சம்மதம் வாங்கித்தான் வெட்டுவார். வலது கை முடிந்திருந்தது. நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கடைசி வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. அந்தச் சிறுமி வெளியே ஓடி வந்தாள். கவுன் தோளில் கிழிந்திருந்தது. காதிலிருந்து ரத்தம். பின்னால் அவள் அப்பன். கையில் மோட்டார் வேலை நடந்தபோது மிஞ்சிய இரும்புக் குழாய்த் துண்டு. அவள் அவன் செல்போனைத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டாளாம். பிறகு தெரிந்தது.

எல்லா வாசலிலும் ஆள் இருந்தது. நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். "ஏய் விடுப்பா", "என்னப்பா இது" என்று குரல் கொடுத்தோம். ஒருவரும் படியிறங்கவில்லை.

அண்ணாச்சி நகவெட்டியைச் சட்டைப் பையில் போட்டார். கதிரைத் தூக்கி என் கையில் கொடுத்தார். "பிடிங்க தங்கச்சி" என்றார். நான் கதிரின் முகத்தை என் தோளோடு அழுத்திக்கொண்டேன்.

சிறுமி தடுக்கி விழுந்திருந்தாள். குழாய் மேலே போயிருந்தது. அண்ணாச்சி அவளைத் தரையிலிருந்து வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்து, அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். அவளுக்கு விழ வேண்டிய அடி அவர் முதுகில் விழுந்தது. அடுத்தது தோளில். எலும்பு முறிகிற சத்தம் எங்கள் படி வரை கேட்டது. அவர் முட்டி போட்டார். சிறுமியின் தலை வெளியே தெரியாதபடி தன் மோவாயால் மூடினார். மூன்றாவது அடி பின்மண்டையில். நான்காவதும் அங்கேயேதான். அதற்குப் பிறகுதான் பஞ்சர் கடைக்காரர் ஓடிப்போய்க் குழாயைப் பிடித்தார். பிறகு எல்லாரும் ஓடினோம். நாம் அவனைப் போட்டு மிதித்ததையும் நான் பார்த்தேன். அந்தக் கால்கள் அந்த நான்கு அடியும் விழும்போது எங்கே இருந்தன என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் கால்களையும் சேர்த்துத்தான்.

சிறுமியை அவர் கையிலிருந்து பிரிப்பது கஷ்டமாக இருந்தது. அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தார். "பிள்ளைக்கு அடி படலல்லா?" என்று கேட்டார். இல்லை என்றதும் விட்டார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கழுத்து வழியாக ரத்தம் சட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. என்னைத் தேடிப் பார்த்தார்.

"எடது கை நகம் பாக்கி இருக்கு தங்கச்சி. பிராண்டிருவான்" என்றார்.

அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான். ஆட்டோவில் ஏற்றும்போது வாந்தி எடுத்தார். தென்காசியிலிருந்து ஆம்புலன்சில் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். போகிற வழியிலேயே நினைவு தப்பிவிட்டது. லீலா அக்கா மூன்றாம் நாள் வந்து சேர்ந்தாள். ஒன்பது நாள் அவர் கண் திறக்கவில்லை.

அவர் சபதத்தைக் காப்பாற்றினார், அடி வாங்கியும் கை ஓங்கவில்லை என்று பதினாறாம் நாள் பேசினீர்கள். நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். அவர் எந்தச் சபதத்தையும் நினைத்திருக்க மாட்டார். இரண்டு கையிலும் பிள்ளை இருந்தது. ஒரு கையை எடுத்தால் பிள்ளையின் உடம்பில் ஒரு பக்கம் வெளியே தெரியும். அதனால் எடுக்கவில்லை. அவ்வளவுதான். அவரைப் பெரியவராக்கிவிட்டால் நமக்கு வசதி. நம்மால் முடியாத ஒன்றை அவர் செய்தார் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பதினொரு பேரில் இரண்டு பேர் இறங்கியிருந்தால் போதும், அவர் இன்றைக்கு இருந்திருப்பார்.

எனக்கு அவர் மேலும் கோபம் இருக்கிறது. மறைக்க மாட்டேன். இரண்டு பிள்ளைகளை என் கையில் கொடுத்துவிட்டு ஏன் போனார் என்று அடுப்படியில் நின்று திட்டியிருக்கிறேன். ஒருநாள் லீலா அக்கா அதைக் கேட்டுவிட்டாள். நான் பதறினேன். அவள், "திட்டு. நானும் திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். "நீ போ, நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லித்தான என்னைய விமானம் ஏத்துனாவ." பிறகு இருவரும் உட்கார்ந்து மூன்று பிள்ளைகளின் துணிகளையும் மடித்து வைத்தோம். அவள் இனி மஸ்கட் போகப்போவதில்லை. இங்கேயே ஒரு மருத்துவமனையில் வேலை கேட்டிருக்கிறாள். அந்தச் சிறுமி தன் அம்மாவோடு சிவகிரியில் மாமா வீட்டில் இருக்கிறாள். காது ஆறிவிட்டது. இன்னும் யாரோடும் பேசுவதில்லையாம்.

போன வாரம் லீலா அக்கா வாக்குமூலம் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போயிருந்தாள். மகிழினியும் நிகிலும் பள்ளிக்கூடத்தில். கதிர் என்னோடு. எனக்கு வகுப்பு. இரண்டு தடவை தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். மூன்றாவது தடவை, தானே சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்து, என் மடியில் ஏறுகிற முயற்சியில் முழுத் தண்ணீரையும் லேப்டாப் மேல் கவிழ்த்தான். திரை ஒருமுறை வெட்டி அணைந்தது. பல நாள் தூக்கமின்மை, சாவு வீடு, போலீஸ், கோர்ட் எல்லாம் சேர்ந்து என் தோளில் ஏறியது. என் கை தலைக்கு மேலே போய்விட்டது. நான்தான் தூக்கினேன். அது எங்கே இறங்கும் என்றும் எனக்குத் தெரிந்திருந்தது.

கதிர் ஒதுங்கவில்லை. கண்ணை மூடவில்லை. முகத்தை மறைக்கவில்லை. என் கையைப் பார்த்தான். அது எதைக் காட்டுகிறது என்று நிமிர்ந்து மேலே பார்த்தான். மேலே ஃபேன் நின்றிருந்தது.

"கரன்ட் போயிட்டா அத்தே?" என்று கேட்டான்.

ஓங்கிய கை எதற்கு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. நினைவு தெரிந்து அவனை நோக்கி ஒரு கையும் அப்படி வந்ததில்லை. வேப்பமரத்தில் தலைகீழாகத் தொங்கிய ஒருவருக்குப் பிறந்தவன் அவன். ஒன்றரை வருஷத்துக்கும் மேலாக, ஒரு நாளைக்குப் பத்து தடவை, ஒரு மனிதர் தன் கையைத் தானே பிடித்து இறக்கி இறக்கி அந்தப் பார்வையை உண்டாக்கியிருக்கிறார்.

அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். அவன் கண்ணில் இருக்கிற அதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிகிலிடம் நான் கெடுத்துவிட்டேன். இன்றும் நான் வேகமாகத் திரும்பினால் அவன் தோள் குறுகும். அதை மெல்ல மெல்லச் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.

கையை இறக்கினேன். கதிரைத் தூக்கி மடியில் வைத்தேன். இருவர் உடையும் நனைந்திருந்தது.

"ஆமாலே, போயிட்டு" என்றேன்.